மைக்ரோடோஸ், லயன்ஸ் மேன் டப்பா, நம்ம சிப்பிக் காளான்: எதுக்குத் துட்டு குடுக்கலாம்?

போன ஆடில சாரல் நல்லா விழுதுன்னு அக்கா பையன் பெங்களூர்ல இருந்து வந்திருந்தான். குத்தாலம் போயி குளிச்சிட்டு ஈரத் துண்டோட வந்து உக்காந்தவன், பைக்குள்ள இருந்து ஒரு டப்பாவ எடுத்து பொடிய வெந்நில கலக்குதான். என்னடே இதுன்னு கேட்டா காளான் காப்பியாம், லயன்ஸ் மேன்னு ஒரு காளான் ஜாதியாம், மூளைக்கு நல்லதாம். அந்தப் பக்கம் அக்கா கருப்பட்டி போட்டு சுக்குக் காப்பி ஆத்திக்கிட்டு இருக்கா, இவன் அத ஏறெடுத்தும் பாக்கல. அதோட விட்டானா, ராத்திரி மொட்டமாடில படுத்துக்கிட்டு "மாமா, ஆபீஸ்ல ரெண்டு மூணு பேரு மைக்ரோடோஸ் பண்ணுதாங்க, அதுவும் காளான்தான், நானும் செஞ்சு பாக்கட்டா"ங்கான்.

அதுவும் காளான்தான்னு சொன்னாம் பாருங்க, அதுதான் எனக்கு உறுத்திச்சு. பாளையங்கோட்டைல மெடிக்கல் ஷாப் கவுண்டர்ல 18 வருஷம் நின்னவன் நான், டாக்டர் கிடையாது, ஆனா எந்த மாத்திர எதோட சேரக்கூடாதுன்னு கொஞ்சம் தெரியும். அன்னைக்கு ராத்திரி அவன்கிட்ட சொன்னதத்தான் இங்க எழுதுதேன்.

மொதல்ல மைக்ரோடோஸ். இது போதைக் காளான் சமாச்சாரம், அதுல இருக்க சரக்கு சைலோசைபின், ஒடம்புக்குள்ள போனா சைலோசினா மாறி, மூளைல சேதி கடத்துத செரோடோனின் போய் ஒட்டுத 5-எச்டி2ஏ ஏற்பில ஒட்டும். முழு அளவு எடுத்தா கண்ணு முன்னால என்னென்னவோ தெரியும், நம்ம ஊர் பாஷைல கோட்டி புடிச்ச மாரி ஆயிரும். அந்த அளவுல பத்துல ஒண்ணு, இருபதுல ஒண்ணு, காஞ்ச காளான்னா 0.1ல இருந்து 0.3 கிராம் வரைக்கும் எடுக்கதுக்குப் பேருதான் மைக்ரோடோஸ். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஃபாடிமன் 2011ல புத்தகம் போட்டு இதப் பரப்பி விட்டாரு, ஒரு நாள் எடு ரெண்டு நாள் விடுன்னு கணக்கு.

வேல செய்யுதா? இங்கதான் எல்லாரும் ரெண்டு விஷயத்தப் போட்டுக் குழப்புதாங்க. மனச்சோர்வுக்கு சைலோசைபின் கேக்குதுன்னு வருத செய்தியெல்லாம் பெரிய டோஸ் பத்தினது, பக்கத்துல தெரப்பிஸ்ட் உக்காந்திருக்க, ஒரே தடவ 25 மி.கி. குடுத்து செய்யுதது. 2022ல வந்த ஒரு பெரிய சோதனைல மருந்துக்குக் கேக்காத மனச்சோர்வு உள்ள 233 பேர மூணாப் பிரிச்சு 25, 10, 1 மி.கி.ன்னு குடுத்தாங்க. 25 வாங்குனவங்களுக்கு மூணு வாரத்துல நல்ல வித்தியாசம். இதுல கூத்து என்னன்னா, அந்த 1 மி.கி. எதுக்குக் குடுத்தாங்கன்னா சும்மா ஒப்பிட்டுப் பாக்கதுக்கு, கிட்டத்தட்ட டம்மி மாத்திர மாரி. காஞ்ச காளான்ல நூத்துல ஒரு பங்குதான் சரக்குன்னு வச்சா 0.1 கிராம்ல வாரதும் அந்த 1 மி.கி.தான். அதாவது இவன் ஆபீஸ் பயலுவ காசு குடுத்து வாங்கித் தின்னுதத, ஆராய்ச்சிக்காரங்க டம்மியா வச்சிருக்காங்க.

லண்டன் இம்பீரியல் காலேஜ்காரங்க 2021ல இன்னொண்ணு செஞ்சாங்க, 191 பேரு கலந்துக்கிட்டாங்க. அவங்கவங்களே கேப்சூல் நிரப்பி, காலிக் கேப்சூலும் சரக்குக் கேப்சூலும் எதுன்னு தெரியாம கவர்ல போட்டு எடுத்துக்கிட்டாங்க. நாலு வாரம் கழிச்சுப் பாத்தா சரக்கு எடுத்தவங்களும் தேவல, காலிக் கேப்சூல் முழுங்குனவங்களும் அதே அளவுக்குத் தேவல. நம்பிக்கதான் பாதி வேல பாத்திருக்கு. எனக்கு இதுல ஆச்சரியமே இல்ல, பி காம்ப்ளக்ஸ் மாத்திர நிறம் மாறி வந்துச்சுன்னா "இது பழைய மாரி கேக்கலயே அண்ணாச்சி"ன்னு திருப்பிக் கொண்டாந்த ஆளுகள எத்தன பேரப் பாத்திருக்கேன்.

ஆபத்துப் பக்கம் வாங்க. காளானுக்குக் காளான் சரக்கு அளவு மாறும், அதனால 0.1 கிராம்னு தராசுல நிறுத்தாலும் உள்ள எவ்வளவுன்னு சொல்ல முடியாது. லித்தியம் மாத்திர எடுக்கவங்க இதத் தொட்டு வலிப்பு வந்ததாப் பதிவுகள் இருக்கு, இது வெளையாட்டு இல்ல. வீட்டுல யாருக்காவது மனநோய் இருந்திருந்தா கிட்டவே போகக்கூடாது. இதயத்துல 5-எச்டி2பின்னு ஒரு ஏற்பி இருக்கு, அத அடிக்கடி தட்டிக்கிட்டே இருந்த ஃபென்ஃப்ளூரமின்ங்கிற எடை குறைக்க மருந்து வால்வக் கெடுத்துட்டுன்னு 1997ல சந்தைல இருந்தே எடுத்தாங்க. சைலோசினும் அதுல போயி ஒட்டும், அதனால வருஷக் கணக்குல எடுக்கது பத்தி ஆராய்ச்சிக்காரங்களுக்கே கவல உண்டு.

சட்டம் வேற. ஆஸ்திரேலியாவுல 2023 ஜூலைல இருந்து அனுமதி வாங்குன மனநல டாக்டர் எழுதிக் குடுக்கலாம், சரி. இங்க 1985 போதைப்பொருள் சட்டத்துல சைலோசைபினும், சில பேரு மைக்ரோடோஸுக்கு எடுக்க எல்எஸ்டிங்கிற இன்னொரு போதைச் சரக்கும் பட்டியல்ல இருக்கு. எல்எஸ்டி 0.1 கிராமத் தாண்டிட்டாலே வணிக அளவு, பத்து வருஷத்துக்குக் கொறையாம உள்ள. கொடைக்கானல்ல போதைக் காளான் வித்து மாட்டுனவங்க செய்தி வருஷா வருஷம் பேப்பர்ல வருது. நானே பாபநாசம் பக்கம் போயி சாணில மொளச்சதப் பறிச்சுக்கிடுதேன்னு கெளம்புனா அது இன்னும் மோசம், பாக்க அதே மாரி இருக்க சின்னப் பழுப்புக் காளான்கள்ல ஈரலக் கரைக்க ஜாதியும் உண்டு.

இப்போ டப்பா. இது சட்டத்துக்கு உட்பட்டது, கோட்டியும் புடிக்காது. லயன்ஸ் மேனுக்கு ஆதாரமே இல்லன்னும் சொல்ல முடியாது. ஜப்பான்ல 2009ல, 50ல இருந்து 80 வயசு வரைக்கும் லேசா மறதி உள்ள 30 பேர எடுத்துக்கிட்டு, பாதிப் பேருக்குத் தெனமும் 3 கிராம் பொடின்னு 16 வாரம் குடுத்தாங்க, மறதி சோதிக்க பரிட்சைல மார்க் கூடுச்சு. நிறுத்தி நாலு வாரத்துல திரும்பக் கொறஞ்சிட்டு. 30 பேருங்கது சின்னச் சோதன, அதுவும் வயசானவங்க. 26 வயசுல லேப்டாப் முன்னால உக்காந்திருக்கவனுக்கு அது பொருந்துமான்னு யோசிக்கணும்லா.

பெரிய பிரச்சன டப்பாவுக்குள்ள காளான் இருக்காங்கதுதான். நெறைய கம்பெனி காளானையே வளக்காம, அரிசி, ஓட்ஸ் மாரி தானியத்துல காளான் இழைய ஓடவிட்டு, தானியத்தோடவே சேத்து அரைச்சு வித்துருதாங்க. 2017ல அமெரிக்காவுல ரெய்ஷிங்கிற இன்னொரு மருந்துக் காளான் பேர்ல வித்த 19 பொருள எடுத்து சோதிச்சதுல 5 மட்டுந்தான் ரெய்ஷின்னு தேறுச்சு. நம்ம பய டப்பாவ நானே வீட்டுல பாத்தேன். கொஞ்சம் பொடிய தண்ணில வேகவச்சு ஆறவிட்டு ரெண்டு சொட்டு அயோடின் டிஞ்சர் விட்டேன், மையி மாரி நீலக் கருப்பு. அப்படின்னா உள்ள மாவுச்சத்து, அதாவது தானியம். அடுத்த கிண்ணத்துல நான் காயவச்சுப் பொடிச்ச சிப்பிக் காளான், அயோடின் நெறம் பழுப்பாவே நின்னுச்சு. மாப்ள மொகத்தப் பாக்கணுமே, டப்பா ஆயிரத்து சொச்சம் ரூவா.

மத்ததெல்லாம் சுருக்கமா. ரெய்ஷி ரத்தத்த இளக்கும்பாங்க, அதனால வார்ஃபரின், ஆஸ்பிரின் எடுக்கவங்க டாக்டரக் கேக்காமத் தொடாதிய. சாகான்னு இன்னொரு காளான், அதுல கிட்னில கல்லு கட்டுத ஆக்சலேட் ஜாஸ்தி, நம்ம வெயிலுக்கு ஏற்கனவே தெருவுக்கு ரெண்டு பேரு கல்லடைப்புல துடிக்காங்க, அத வேற எதுக்குக் குடிக்கணும். அப்புறம் காளான் சாக்லேட், காளான் ஜெல்லி மிட்டாய்னு ஆன்லைன்ல கண்ட பேர்ல வருத எதையும் வாங்காதிய, 2024ல அமெரிக்காவுல அப்படி ஒண்ணத் தின்னு பலர் ஆஸ்பத்திரிக்குப் போயி, மொத்தத்தையும் திரும்ப வாங்குனாங்க.

ரெண்டுல எதுன்னு மாப்ள மடக்கிக் கேட்டான். மைக்ரோடோஸுக்கு ஜெயில் பயம் இருக்கு, பலன் காலிக் கேப்சூல் அளவுதான், அது வேண்டாம். டப்பா வாங்கியே தீருவேன்னா காளான் பழத்துல (அதான் நம்ம பாக்குத குடையும் தண்டும்) இருந்து எடுத்ததுன்னும், காளான்ல இருக்க நார்ச்சத்தான பீட்டா குளுக்கான் எத்தன சதவீதம்னும் லேபிள்ல போட்டிருக்கான்னு பாத்து வாங்கு, மூணு மாசம் பாரு, ஒண்ணும் தெரியலன்னா விட்டுரு. என்னயக் கேட்டா அந்தத் துட்டுக்கு நம்ம ஊர்லயே வளக்க சிப்பிக் காளான் பாக்கெட் வாங்கிருவேன், இல்லன்னா கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1998ல ஏபிகே 2ன்னு வெளியிட்ட பால் காளான், அதுக்கு நம்ம வெயில் ஒரு பொருட்டே இல்ல. சிப்பிக் காளான்ல எர்கோதயோனின்னு நல்ல சத்து இருக்கு, பீட்டா குளுக்கானும் இருக்கு, ஞாபகசக்தி கூடும்னு நான் சொல்ல மாட்டேன், கொழம்பு ருசிக்கும்.

இன்னொண்ணு, காளான நறுக்கி வெயில்ல வச்சா நம்ம தோல் மாரியே அதுவும் விட்டமின் டி உண்டாக்கும். மத்தியான வெயில்ல ஒரு மணி நேரம், குடைக்கு அடில மடிப்பு மடிப்பா இருக்க பக்கம் மேல பாக்க தட்டுல பரத்தி வச்சாப் போதும். காக்காதான் தொல்ல, அதுக்கு மாப்ளயக் கம்போட மாடில உக்கார வச்சேன், நாள் பூரா ஏசி ரூம்லயே கெடக்க பய, அவனுக்கும் கொஞ்சம் வெயில் பட்ட மாரி ஆச்சு.