0.2 மி.மீ. குறைந்த அடாப்டர்: பழைய நிக்கார் 28 உடன் நான்கு ஆண்டுகள்

ஈப்போவில் இருக்கும் நண்பன் போன வாரம் கேட்டான்: "தைப்பூசத்துக்குப் பினாங்கு வர்றேன். உன்ன மாதிரி பழைய மேனுவல் லென்ஸ் ஒன்னு வாங்கி மாட்டிக்கிட்டு வரட்டுமா?" வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் பதில் எழுதப் பார்த்தேன். எழுதி எழுதி அழித்ததுதான் மிச்சம். அதனால் இங்கே விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது சோனி ஏ7 மார்க் 2 கேமரா, பழையதாக வாங்கியது. அதில் நான்கு ஆண்டுகளாக மாட்டியிருப்பது நிக்கானின் பழைய லென்ஸ், நிக்கார் 28 மி.மீ. எஃப் 3.5. லோரோங் கூலிட் சந்தையில் ஒரு ஞாயிறு காலை 180 வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைத்தது. நிக்கான் லென்ஸைச் சோனியில் மாட்ட இடையில் வைக்கும் வளையமான அடாப்டரை இணையத்தில் 45 வெள்ளிக்கு வாங்கினேன். என் கோபமெல்லாம் அந்த 45 வெள்ளி வளையத்தின் மேல்தான்.

லென்ஸ் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். முழுக்க உலோகம், கைக்குள் அடங்கும் அளவு. ஃபோக்கஸ் வளையம் எண்ணெயில் சுழல்வதுபோல் சுழலும். சாயங்காலம் லெபோ பாசார் தெருவில் நடக்கும்போது கேமராவை முகத்துக்குத் தூக்க மாட்டேன். ஒளி நுழையும் துளையை எஃப் 8 அளவுக்குச் சுருக்கி, வளையத்தை 3 மீட்டருக்குத் திருப்பிவிட்டால், கணக்குப்படி ஒன்றரை மீட்டரிலிருந்து வானம் வரைக்கும் எல்லாம் தெளிவாக விழ வேண்டும். நெஞ்சளவில் கேமராவைப் பிடித்தபடி நடந்துகொண்டே எடுக்கலாம். பூக்கடை அக்கா மல்லிகை தொடுத்துக்கொண்டே ஏதோ பேசிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் படம் எடுத்தாகிவிடும். கேமரா எதையும் தேடித் தடுமாறாது. எங்கே ஃபோக்கஸ் என்பதை நான் முன்பே முடிவு செய்திருப்பேன். பயணத்தில் படம் எடுக்க இதைவிடச் சுகமான வழியை நான் பார்த்ததில்லை.

ஆனால் வீட்டுக்கு வந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால், பின்னால் இருக்கும் கடையின் பெயர்ப்பலகை எழுத்து எழுத்தாகத் தெரியும். முன்னால் நிற்கும் ஆளின் முகத்தில் மெல்லிய புகை படிந்ததுபோல் இருக்கும். ஒரு படம் இரண்டு படம் இல்லை, இரண்டு வருடப் படங்கள். கை நடுங்கியிருக்கும் என்று ஷட்டர் வேகத்தைக் கூட்டினேன். கண்ணில்தான் கோளாறோ என்று கண்ணாடியைக்கூட மாற்றினேன். லென்ஸைச் சந்தேகித்து விற்கவும் பார்த்தேன்.

உண்மை தெரிந்தது கொடிமலையில், அதாவது பினாங்கு மலையில். ரயிலில் ஏறிப் போய் இருட்டும் வரை மேலேயே இருந்தேன். எஃப் 3.5இல் துளையை முழுக்கத் திறந்து, வளையத்தை இன்ஃபினிட்டி (எல்லையற்ற தொலைவு) குறியில் முட்டும்வரை திருப்பினேன். பட்டர்வொர்த் விளக்குகள் எல்லாம் புள்ளியாக இல்லாமல் குட்டிக் குட்டி வட்டங்களாகத் தெரிந்தன. வளையத்தைப் பின்னால் திருப்பத் திருப்ப வட்டங்கள் சுருங்கின. விளக்குகள் ஊசிமுனையாக மாறியபோது வளையம் ஏறக்குறைய 4 மீட்டரைக் காட்டியது. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊர் 4 மீட்டரில்!

நிக்கான் எஃப் மவுண்ட் கேமராவில் லென்ஸ் மாட்டும் முகப்பிலிருந்து ஃபிலிம் வரை உள்ள தூரம் 46.5 மி.மீ. சோனியில் அதே தூரம் 18 மி.மீ. இடையில் வரும் 28.5 மி.மீ.தான் அடாப்டரின் கனம். அது ஒரு காலி வளையம், உள்ளே கண்ணாடி எதுவும் இல்லை. அதன் ஒரே வேலை சரியான கனத்தில் இருப்பது. என் மச்சான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் மெஷினிஸ்ட். அவரிடம் கொடுத்தேன். மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்துவிட்டு, "28.3தான் இருக்கு மாப்ள" என்றார்.

0.2 மி.மீ.யில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. லென்ஸின் குவியத் தூரத்தை (என்னுடையதில் 28 மி.மீ.) அதே எண்ணால் பெருக்கி, குறையும் மில்லிமீட்டரால் வகுத்தால், எந்தத் தூரக் குறியில் இன்ஃபினிட்டி வந்துவிடுகிறது என்பது தெரிந்துவிடும். 28ஐ 28ஆல் பெருக்கினால் 784. 0.2ஆல் வகுத்தால் 3920 மி.மீ. மலையில் நான் பார்த்த அதே 4 மீட்டர். நான் 3 மீட்டர் என்று நம்பி வைத்த இடத்தில் லென்ஸ் உண்மையில் 12 மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது. எஃப் 8இலும் இரண்டரை மீட்டருக்கு உள்ளே இருந்த எதுவும் தெளிவாக விழவில்லை. லெபோ பாசாரில் மனிதர்கள் எனக்கு அதைவிடப் பக்கத்தில்தான் நிற்பார்கள். இதே குறை 50 மி.மீ. லென்ஸில் இருந்தால் 3 மீட்டர் குறி 4 மீட்டரைக்கூடத் தொடாது. பலர் கவனிக்கவே மாட்டார்கள். லென்ஸின் பார்வை அகலமாக ஆக ஆகத்தான் அடி பலமாக விழுகிறது.

அடாப்டரை இப்படி மெலிதாகச் செய்பவர்கள் தெரிந்தேதான் செய்கிறார்கள். அடாப்டர் கொஞ்சம் தடித்தால் தொலைவு தெளிவாகவே வராது, வாங்கியவர் மறுநாளே திருப்பி அனுப்பிவிடுவார். கொஞ்சம் மெலிந்தால் தொலைவு சீக்கிரம் வந்துவிடும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். லென்ஸுக்கு லென்ஸ் சிறு வேறுபாடு இருக்கும் என்பதால் கொஞ்சம் இடம் விடுவதில் நியாயமும் இருக்கிறது. திரையைப் பார்த்து ஃபோக்கஸ் செய்கிறவருக்கு இதனால் பெரிய நட்டமும் இல்லை. இதெல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் மன்னிக்க மனம் வரவில்லை.

ஏனென்றால் என் பெரியம்மா சுங்கைப்பட்டாணியிலிருந்து தைப்பூசத்துக்கு வந்திருந்தார். வெள்ளி ரதம் வருவதற்கு முன்னால், ரோட்டில் தேங்காய் குவிந்து கிடக்க, தண்ணீர்ப் பந்தலில் மோர்க் குவளையோடு திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். இரண்டு மீட்டர்கூட இருக்காது. எடுத்தேன். பின்னால் கடைவீட்டின் மரச் சட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். பெரியம்மாவின் முகம் மட்டும் தெளியவில்லை. அடுத்த தைப்பூசத்துக்கு அவர் இல்லை.

சரி, சரி செய்த கதைக்கு வருகிறேன். லென்ஸ் மாட்டும் பக்கத்து வளையத்தை நான்கு திருகுகள் பிடித்திருந்தன. அவற்றைக் கழற்றி, 0.1 மி.மீ. பித்தளைத் தகட்டில் இரண்டு வளையம் வெட்டி அடியில் வைத்தார் மச்சான். செலவு ஒரு தே தாரிக் (இழுத்த டீ). இப்போது முட்டும் இடத்தில் பட்டர்வொர்த் புள்ளியாகத் தெரிகிறது. 3 மீட்டர் என்றால் 3 மீட்டர். லென்ஸ் லேசாக ஆடிக்கொண்டிருந்ததும், அடாப்டருக்குள் லென்ஸைப் பிடிக்கும் ஸ்பிரிங் தகட்டை வளைத்ததில் நின்றுவிட்டது.

மற்றவை சின்ன விஷயங்கள். அடாப்டரில் மின் இணைப்பு இல்லாததால் கை நடுக்கத்தைத் தடுக்கும் அமைப்பில் 28 என்று நாமே பதிய வேண்டும். வேறு லென்ஸ் மாட்டிவிட்டு எண்ணை மாற்ற மறந்தால் படம் கெடும். தெளிவான இடங்களுக்குத் திரையில் வண்ணம் காட்டும் ஃபோக்கஸ் பீக்கிங்கை அகலப் பார்வை லென்ஸில் நம்ப வேண்டாம், எஃப் 8இல் பாதித் திரைக்கு வண்ணம் பூசிவிடும். திரையைப் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் வழி. அப்புறம் பூஞ்சை. பினாங்கு ஈரத்தில் பழைய கண்ணாடியைப் பையிலேயே பூட்டி வைத்தால் நூல் நூலாகப் படரும். ட்ரை கேபினட் (ஈரம் அண்டாத பெட்டி) வாங்க முடியாவிட்டால் லென்ஸைத் தினமும் வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள்.

நண்பனுக்கு என் பதில்: வாங்காதே. தைப்பூசம் வருடத்துக்கு ஒரு முறை. அளந்து பார்க்காத அடாப்டரோடு அந்தக் கூட்டத்துக்குள் போகாதே. உன்னிடம் இருக்கும் ஆட்டோஃபோக்கஸ் லென்ஸே போதும், அது உன்னை ஏமாற்றாது.

நான் என் நிக்காரோடுதான் வருவேன். ஒரு மணி நேரம் கையில் வைத்துப் பார்க்க ஆசையாக இருந்தால் கேள், தருகிறேன். அடாப்டரின் அந்த நான்கு திருகுகளை மட்டும் தொடாதே.