பத்து வருடப் படகா, மூன்று வருடப் படகா?

மதுரையிலிருந்து மண்டபம் போய்ப் பழைய ஃபைபர் படகு பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது எந்த வருட மாடல் என்றுதான். மூன்று வருடப் படகு பளபளவென்று நிற்கும், சரி, ஆனால் கடலில் ஓட்டிவிட்டு படகின் பின்னால் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சினை நல்ல தண்ணீர் விட்டு அலசாமலே போட்டிருந்தால் உப்பு படிந்து, குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் வழி அடைத்து, எஞ்சின் சூடேறிக் கெட்டுவிடும். கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், பால் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது.

பத்து வருடப் படகு வெயிலில் நிறம் மங்கியிருக்கும். அது மேல்பூச்சுதானே! ஒழுங்காக சர்வீஸ் செய்து, குளிர்விக்கும் தண்ணீரை இழுத்துவிடும் பம்புச் சக்கரமான இம்பெல்லரை மாற்றிய பில் இருந்தால் என் ஓட்டு அதற்கே. அப்புறம், எஞ்சின் மாட்டும் பின்பலகைக்குள் மரம் இருந்தால் தட்டிப் பாருங்கள், ஊறிய மந்தச் சத்தம் கேட்டால் விலையே பேசாதீர்கள்.