கடற்கரைப் பக்க முற்றமும் ஒரு தோட்டக் கொம்பனியும்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடல் பக்கம் எங்கள் வீடு. முன் முற்றம் இரண்டு பேர்ச், அதாவது ஏறக்குறைய 545 சதுர அடி. அப்பா இருந்தவரை அதில் செவ்வரத்தையும் கறிவேப்பிலையும் நின்றன. எனக்கு அந்தக் கைராசி இல்லை. அதனால் தோட்டம் அமைத்துத் தரும் ஒரு கொம்பனியைப் பிடித்தேன்.

வரைபடம் அருமை. வந்த பிள்ளை டெப்லெட்டில் முற்றத்தைச் சுற்றிக் காட்டியபோது அம்மா, "இது எங்கட வீடோ?" என்றார். வேலையும் சொன்ன ஐந்து நாளில் முடிந்தது. பழைய கட்டட இடிபாடுகளைத் தோண்டி அள்ளிவிட்டு, ஒரு அடிக்கு நல்ல மண்ணும் கொம்போஸ்டும் போட்டார்கள். மதில் ஓரமாகச் சல்லி நிரப்பி ஒரு வடிகாலும் வைத்தார்கள். மே மாத மழைக்குக் கணுக்கால் வரை நிற்கிற தண்ணீர் இந்த முறை அரை மணித்தியாலத்தில் வடிந்துவிட்டது. கொடுத்த காசு இதற்கே சரி.

கோபம் கன்றுகளில்தான். உப்புக்காற்று அடிக்கிற இடத்தில் யாராவது ரோசா நடுவார்களா? நட்ட ஆறு கன்றும் இரண்டு மாதத்தில் கருகின. மூன்று மாத உத்தரவாதம் இருந்தும், நான்கு தடவை கோல் எடுத்த பிறகே ஆள் வந்தார். வந்த வயதான ஐயா பார்த்ததுமே, "இங்க அலரியும் நித்தியகல்யாணியும்தான் நிக்கும் தங்கச்சி" என்றார். அவைதான் இப்போது பூக்கின்றன. அவரை முதல் நாளே அனுப்பியிருக்கலாம்.

தாமரைத் தொட்டியை நானே வேண்டாமென்றேன். டெங்குப் பரிசோதனைக்கு வருகிறவர்களுக்கு யார் பதில் சொல்வது? மாதாந்தப் பராமரிப்புக்கும் கேட்டார்கள், மறுத்துவிட்டேன். தண்ணீர் ஊற்ற அம்மா இருக்கிறார்.