நோக்கியா பெயரைச் சொல்லிப் பழைய போனைத் தலையில் கட்டுகிறார்கள்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து ஆட்கள் ராமநாதபுரம் போய் போன் வாங்குமுன் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். யாரோ பயன்படுத்திக் கழித்த போனைத் துடைத்து, பெட்டியில் போட்டு, புது நோக்கியா என்று என் அப்பாவிடம் ஒன்பதாயிரம் ரூபாய்க்கு விற்றுவிட்டார்கள். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

அப்பா நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறவர். அவருக்கு நோக்கியா என்றால் 1100 தான். 2003-ல் வந்த போன், உச்சியில் டார்ச், தூசி புகாத கீபேட், உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. வலை இழுத்த ஈரக் கையோடு அமுக்கினாலும் வேலை செய்ததாக இன்னமும் சொல்வார். அந்த நம்பிக்கையைத்தான் கடைக்காரர் பிடித்துக்கொண்டார். “அண்ணே, அதே பழைய கம்பெனிதான், திரும்ப வந்திருச்சு. கீழ விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது” என்று சொல்லியிருக்கிறார்.

அது அதே கம்பெனி இல்லை. நோக்கியா தன் போன் தொழிலை 2014-லேயே மைக்ரோசாஃப்டுக்கு விற்றுவிட்டது. நம் ஊர்ப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வேலை பார்த்த ஸ்ரீபெரும்புதூர் ஆலையும் அந்த வருஷம் நவம்பரில் மூடப்பட்டது. அப்புறம் 2016-ல் எச்எம்டி குளோபல் என்ற வேறொரு பின்லாந்து நிறுவனம் அந்தப் பெயரை உரிமத்துக்கு வாங்கி, 2017-லிருந்து ஆண்ட்ராய்டு போன்களை விட்டது. 2024-லிருந்து தன் சொந்தப் பெயரிலும் போன் விற்கிறது. நோக்கியா இப்போது செய்வது நெட்வொர்க் கருவிகள். பிளாக்பெர்ரி பெயரும் இப்படித்தான் டிசிஎல் என்ற சீன நிறுவனத்தின் கைக்குப் போய், 2020 ஆகஸ்டில் அந்த உரிமம் முடிந்தது. உரிமம் வாங்கி விற்பது நேர்மையான வியாபாரம்தான், அந்த நிறுவனங்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பெயர் யாரிடம் இருக்கிறது, எந்த மாடல் எப்போது வந்தது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது என்பதைத்தான் இந்தக் கடை காசாக்குகிறது.

சில வாரத்திலேயே சார்ஜ் ஏறவில்லை. கடைக்குக் கொண்டுபோனால், கையில் வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. “கடக்கரை ஆளுங்க போனா? உப்புத்தண்ணி பட்டிருக்கும், வாரண்டி கிடையாது” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த வார்த்தைதான் எனக்கு ஆறவே இல்லை. நாற்பது வருஷம் கடலில் உழைத்த மனுஷனின் தொழிலையே சாக்காக்கி விரட்டியிருக்கிறார்கள்.

மண்டபத்தில் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். பின்மூடியைக் கடையில் விற்கும் சாதாரண பசையால் ஒட்டியிருந்தார்கள், ஓரத்தில் மஞ்சளாக வழிந்து காய்ந்திருந்தது. உள்ளே இரண்டு திருகாணி இல்லை. தண்ணீர் பட்டால் சிவக்கும் சின்ன ஸ்டிக்கர் வெள்ளையாகவே இருந்தது. அதாவது தண்ணீர் பட்டதாகச் சொன்னதும் பொய். *#06# அழுத்தினால் வந்த ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் அடையாள எண்) ஒன்று, பெட்டியில் அச்சடித்திருந்தது வேறு.

பில் எங்கே என்று அப்பாவிடம் கேட்டால், ‘எஸ்டிமேட்’ என்று தலைப்புப் போட்ட துண்டுச் சீட்டை எடுத்து நீட்டுகிறார். அதில் ஜிஎஸ்டி எண்ணும் இல்லை, ஐஎம்இஐயும் இல்லை.

ஆகவே, பணம் கொடுக்குமுன் பெட்டியின் சீலை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். “நானே சிம் போட்டுத் தர்றேன்” என்று உள்ளே எடுத்துப்போக விடாதீர்கள். *#06# போட்டு, வரும் எண்ணைப் பெட்டியோடும் பில்லோடும் ஒப்பிடுங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி செயலியில் அந்த எண்ணைக் கொடுத்தால் எந்த பிராண்டு, எந்த மாடல் என்று காட்டும். செட்டிங்ஸில் பாதுகாப்பு அப்டேட் தேதியையும் பாருங்கள். பல வருஷம் பழையதாக இருந்தால் வேண்டாம் என்று வைத்துவிட்டு வாருங்கள்.

பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் பதியலாம், நானும் அங்கேதான் தொடங்கினேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. உங்களிடமும் இதே மாதிரி ‘எஸ்டிமேட்’ சீட்டு இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பெட்டியோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.