திடீர்னு நொண்டுன குதிரைக்கு ஸ்டேபிளுக்கே வந்து பார்த்த டாக்டர் (கேஎல் ரிவ்யூ)

கேஎல் (கோலாலம்பூர்) பக்கம் குதிரை வச்சிருக்கிறவங்க, லீஸ்ல எடுத்து ஓட்டுறவங்க இருந்தா இத முழுசா படிங்க. ஸ்டேபிளுக்கே வந்து பார்க்கிற குதிரை டாக்டர் ஒருத்தங்கள போன மாசம் கூப்பிட்டோம். அஞ்சுக்கு அஞ்சு குடுப்பேன். வந்ததும் ஊசிய எடுக்காம எந்த இடத்துல வலின்னு பொறுமையா தேடி கண்டுபிடிச்சாங்க, அதுக்குத்தான் இந்த மார்க்கு.

முந்தின நாள் சாயந்தரம் நல்லா ஓடுன குதிரை, காலையில பார்த்தா வலது முன்னங்கால ஊனவே மாட்டேங்குது, குளம்பு நுனிய மட்டும் தரையில தொட்டுக்கிட்டு நிக்குது. எலும்பு உடைஞ்சிருச்சோன்னு வயிறு கலங்கிப்போச்சு. மொதல்ல வேற ஒரு எடத்துக்கு போன் அடிச்சோம், நேர்ல பார்க்காமலேயே பியூட் (குதிரைக்குக் குடுக்கிற வலி மருந்து) குடுங்க ரெண்டு நாள்ல சரியாயிரும்னுட்டாங்க. எனக்கு கோவம்தான் வந்துச்சு, வலிய அமுக்கிட்டா குதிரை நடக்கத்தான் செய்யும், உள்ள என்ன கெட்டுப்போச்சுன்னு யாருக்குத் தெரியும்?

இந்த டாக்டர் வந்து கொஞ்ச நேரம் சும்மா நின்னு பார்த்தாங்க. அப்புறம் எங்க சைஸ் (குதிரைய பார்த்துக்கிறவரு) அண்ணன்கிட்ட, "அண்ணே, ஓட்ட வேணாம், சிமெண்டு தரையில நாலு எட்டு மட்டும் நடத்திக் காட்டுங்க, கயிற லூசா விடுங்க, தலைய புடிக்காதீங்க"ன்னாங்க. தலைய இழுத்துப் புடிச்சா நொண்டுறதே தெரியாதாம். முன்னங்கால் வலின்னா அந்தக் கால் தரையில படும்போது தலை மேல தூக்கும், நல்ல கால் படும்போது கீழ இறங்கும். நெறைய பேரு இத தலைகீழா புரிஞ்சுக்கிட்டு நல்ல காலுக்கு கட்டு போட்டுட்டு நிக்கிறாங்க.

அடுத்து தோள்லேர்ந்து கீழ வரைக்கும் கையால தடவிப் பார்த்தாங்க, டெண்டன்ல (தசைநாண்) வீக்கம் இல்ல, மூட்டுல சூடு இல்ல, காய்ச்சலும் இல்ல. கணுக்காலுக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் நாடி புடிச்சுப் பார்த்துட்டு, "அண்ணே நீங்களும் புடிங்க, இடது கால்லயும் பாருங்க"ன்னாங்க. எங்க அண்ணன் பினாங்கு டர்ஃப் கிளப்புல வேலை செஞ்சவரு (1864ல ஆரம்பிச்ச கிளப், 2025ல ரேஸே நின்னுபோச்சு, நெனச்சாலே மனசு கஷ்டமா இருக்கு), புடிச்ச உடனே "குளம்புக்குள்ளதான் டாக்டர், நாடி இந்த அடி அடிக்குது"ன்னாரு. அவரு சொன்னத டாக்டர் மதிச்சுக் கேட்டாங்க பாருங்க, அது எனக்கு ரொம்பப் புடிச்சுது.

அப்புறம் பெரிய இடுக்கி மாதிரி ஹூஃப் டெஸ்டர வச்சு குளம்ப சுத்தி இடம் இடமா அமுக்கிட்டே வந்தாங்க. எல்லா எடத்துலயும் சும்மா நின்ன குதிரை, வெளிப்பக்கம் ஒரே ஒரு எடத்துல கால வெடுக்குன்னு உருவிருச்சு. லாடத்த ஒரேடியா நெம்பாம ஆணிய ஒவ்வொண்ணா கழட்டினாங்க, ஏன்னா ஆணி ஈரமா கறுப்பா வந்தா அந்த வழியாத்தான் அழுக்கு உள்ள போயிருக்குன்னு தெரியும். ஆணியெல்லாம் சுத்தம். ஆனா அமுக்குன எடத்துல வெள்ளைக் கோட்டு (குளம்போட சுவரும் அடிப்பாகமும் சேர்ற எடம்) ஓரமா ஒரு கறுப்புக் கோடு, அத வளைஞ்ச கத்தியால கொஞ்சமா சுரண்டிக்கிட்டே போனாங்க, திடீர்னு சாம்பல் கலர் தண்ணி பீய்ச்சுக்கிட்டு வந்துச்சு, அந்த நாத்தம் இருக்கே, அப்பப்பா. குளம்புக்குள்ள சீழ். குளம்பு விரியாது இல்லையா, சீழுக்கு போக வழியில்லாம உள்ளயே அழுத்துது, அதான் உடைஞ்ச கால் மாதிரி வலி. இங்க சாயந்தரமானா மழை, காலையில சுள்ளுன்னு வெயில், ஊறி ஊறி காய்ஞ்சு குளம்பு வெடிச்சா அழுக்கு ஏறத்தான் செய்யும்.

ஓட்டைய பெருசாக்கல. எப்சம் உப்பு போட்ட வெதுவெதுப்பான தண்ணியில கால வச்சு, மருந்து கட்டி, மேல குழந்தைங்க போடுற பேம்பர்ஸ சுத்தி, அதுக்கும் மேல டேப். டெட்டனஸ் ஊசி எப்ப போட்டதுன்னு கேட்டு கார்ட பார்த்தாங்க. மறுநாளே கால நல்லா ஊனி நின்னுச்சு, நான் அழுதுட்டேன்.

கெளம்புறதுக்கு முன்னாடி அண்ணன்கிட்ட இன்னொண்ணும் சொன்னாங்க. குளம்படியில ஆணி குத்தி நின்னா புடுங்காம ஒடனே கூப்பிடணும், எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் போயிருக்குன்னு எக்ஸ்ரேல பார்க்கணும். ரெண்டு முன்னங்காலும் சூடா இருந்து குதிரை பின்னாடி சாஞ்சு நின்னா அது லாமினைடிஸா (குளம்புக்குள்ள வர்ற அழற்சி) இருக்கலாம், ஒரு மணி நேரம் கூட தள்ளிப்போடாதீங்க.

கொறைன்னா, சொன்ன நேரத்துக்கு வரல, எம்ஆர்ஆர்2 ரோடு ஜாம்ல மாட்டிக்கிட்டாங்க. போன் எடுக்க மாட்டாங்க, வாட்ஸாப்தான். ஞாயித்துக்கிழமைன்னா காசு கூட, எக்ஸ்ரே தனி பில்லு, மலிவுன்னு சொல்ல மாட்டேன். கூப்பிடும்போது குதிரை நேரா நடந்து வர்ற வீடியோ முன்னாடியிருந்து ஒண்ணு, பின்னாடியிருந்து ஒண்ணு அனுப்பிடுங்க, அத பார்த்துட்டுதான் எக்ஸ்ரே மெஷின தூக்கிட்டு வரணுமா வேணாமான்னு முடிவு பண்றாங்க.