வளவு வீட்டில் எலெக்ட்ரிக் கிட்டார்: வாக்ஸ் ஆம்ப்ளக் 2 ஏசி30

எலெக்ட்ரிக் கிட்டார் வைத்திருக்கிறேன், வீட்டில் சத்தம் போட வழியில்லை, என்ன வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வது வாக்ஸ் ஆம்ப்ளக் 2 வரிசையில் உள்ள ஏசி30 மாடல்தான். கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கி, வாசிக்கிறவர் காதுக்கு மட்டும் தருகிற ஹெட்போன் ஆம்ப் அது. விலை நான் வாங்கியபோது ஐயாயிரம் ரூபாயை ஒட்டி இருந்தது. அந்தப் பணத்துக்கு என் வாசிப்பை இவ்வளவு திருத்திய பொருள் வேறு எதுவும் என் கைக்கு வந்ததில்லை.

நான் இருப்பது பாளையங்கோட்டையில், ஒரு வளவு வீட்டில். ஒரே சுவரை இரண்டு குடும்பங்கள் பங்கு போட்டுக்கொள்கிற வீடுகள். பகலில் பள்ளியில் கணக்கு டீச்சர், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பாடகர் குழுவுக்குக் கிட்டார். வாசித்துப் பழகக் கிடைக்கிற நேரம் விடிவதற்கு முன்பும், ராத்திரி பாத்திரம் கழுவி முடித்த பிறகும்தான். அந்த இரண்டு நேரத்திலும் வளவே தூங்கும். ஹெட்போன் ஆம்ப் வந்த புதிதில் எதிர்வீட்டு ஆச்சி குழாயடியில் என்னை நிறுத்திக் கேட்டார்கள்: “ஏட்டி, ஒன் கிட்டார் சத்தத்தையே காங்கலியே, ஒடம்புக்குச் சொகமில்லியா?” அந்த வாரம் நான் எப்போதையும்விட அதிகமாக வாசித்திருந்தேன்.

பொருளைப் பற்றிச் சொல்கிறேன். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சின்ன டப்பா. எடை பேட்டரி இல்லாமல் 40 கிராம். அதன் உடம்பிலேயே கிட்டார் ஜாக் இருக்கிறது, மடக்கலாம், நிமிர்த்தலாம். கேபிளே வேண்டாம், கிட்டாரில் நேராகச் செருக வேண்டியதுதான். கெயின் (கூட்டக்கூடச் சத்தம் கரகரக்கும்), டோன், வால்யூம் என்று மூன்று திருகுகள். ஆன் செய்ய ஒரு பொத்தான், சத்தத்துக்கு எதிரொலி போன்ற மெருகு சேர்க்கும் எஃபெக்டுக்கு ஒரு பொத்தான். கோரஸ், டிலே, ரிவர்ப் மூன்றும் உண்டு, ஒவ்வொன்றிலும் மூன்று வகை. ஹெட்போனுக்கு ஒரு துளை, போனிலிருந்து பாட்டு விட ஒரு துளை. திரை கிடையாது, ஆப் கிடையாது. காலை ஐந்து மணிக்கு அரைத்தூக்கத்தில் உட்காருகிறவளுக்கு அது பெரிய வரம். செருகினால் சத்தம் வருகிறது, கை வேலையைத் தொடங்குகிறது.

ஹெட்போனைக் கிட்டாரிலேயே சொருகிவிட்டால் என்ன என்று என்னிடம் படிக்கிற பிள்ளைகள் கேட்பார்கள். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி மயிரிழைக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய சுருள். அதிலிருந்து வருகிற மின்சாரம் மிக மெலியது. அதை வாங்கிக்கொள்ளும் கருவி ஒரு மெகா ஓம், அதாவது பத்து லட்சம் ஓம், அளவுக்கு மின்மறுப்பு உள்ளதாக இருந்தால்தான் அது அமுங்காமல் வரும். சாதாரண இயர்போனோ 32 ஓம்தான். ஆகவே நடுவில் ஓர் ஆம்ப் கட்டாயம். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு, பலர் கவனிக்காத வேலை. கிட்டார் ஆம்ப்பில் இருக்கும் 12 இஞ்ச் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே போகப்போகச் சத்தத்தை வேகமாகக் குறைத்துவிடும். ஹெட்போன் அப்படியில்லை, எல்லாவற்றையும் அப்படியே காதில் கொட்டும். அந்த ஸ்பீக்கரின் வடிகட்டலைக் கருவி போலி செய்யாவிட்டால், டிஸ்டார்ஷன் என்கிற கரகரப்பைப் போட்டதும் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு சீறல்தான் கேட்கும். எங்கள் குழுவில் ஒரு தம்பி பெயர் தெரியாத ஒரு டப்பாவை ஆன்லைனில் மலிவாக வாங்கினான். அதில் கேட்டது இந்தச் சீறல்தான். கிட்டாரே பிடிக்காமல் போய் ஒரு மாதம் உறையில் போட்டு வைத்திருந்தான்.

ஏசி30 என்ற பெயருக்கு ஒரு பரம்பரை இருக்கிறது. இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்து டார்ட்ஃபோர்டில் பிறந்த வாக்ஸ் கம்பெனி 1950-களின் கடைசியில் கொண்டுவந்த 30 வாட் வால்வு ஆம்ப் அது (வால்வு என்பது டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்). நான்கு இஎல்84 வால்வுகள், இரண்டு 12 இஞ்ச் ஸ்பீக்கர்கள். பீட்டில்ஸ் தொடக்கக் காலத்தில் வாசித்தது அதில், குயின் குழுவின் பிரையன் மே இன்றுவரை வாசிப்பதும் அதில்தான். இப்போது விற்கும் ஏசி30 முப்பது கிலோவுக்கு மேல் எடை. அந்த ஆம்ப் முழுவதும் இந்தச் சின்ன டப்பாவுக்குள் இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் குணம் ஒன்று இருக்கிறது. மேல்கம்பிகளில் ஒரு மணிச்சத்தம், லேசாகத் தட்டினால் தெளிவு, அழுத்தித் தட்டினால் ஓரத்தில் ஒரு கரகரப்பு. இந்த வரிசை அனலாக் மின்சுற்றில் செய்தது. கெயினைப் பாதிக்கு வைத்துவிட்டு, கிட்டாரிலேயே வால்யூமைக் கூட்டிக் குறைத்தால் சத்தம் கூடவே மாறுகிறது. இது முக்கியம். எத்தனை விசையோடு தட்டுகிறோம் என்பதைக் காட்டாத ஆம்ப்பில் வலதுகை வளராது.

இந்த டப்பா எனக்குக் கற்றுக்கொடுத்ததும் கை சம்பந்தப்பட்டதுதான். எலெக்ட்ரிக் கிட்டாரை ஆம்ப் இல்லாமல் வாசித்தால் நமக்கே சரியாகக் கேட்காது. கேட்க வேண்டும் என்பதற்காகவே கை தானாக ஓங்கி அடிக்கத் தொடங்கும். விரல்கள் கம்பியைத் தேவைக்கு மேல் அழுத்தும். அழுத்தம் கூடினால் சுருதி லேசாக ஏறும். ஹெட்போனில் இதெல்லாம் நின்றது. அதோடு, இதுவரை கேட்காத குப்பையெல்லாம் கேட்டது. மூன்றாவது கம்பியில் வாசிக்கும்போது இரண்டாவது கம்பி தானாக முனகிக்கொண்டிருப்பது, கார்ட் மாற்றும்போது விரல் உரசும் கீச்சு, வளைத்த ஸ்வரம் சேரவேண்டிய இடத்துக்கு ஒரு நூலிழை முன்னால் நின்றுவிடுவது. கீர்த்தனைகளில் நம் பாட்டின் அசைவைக் கிட்டாரில் கொண்டுவர, கம்பியை ஒரு முழு ஸ்வரம் வளைத்து இறக்க வேண்டியிருக்கும். அந்த வளைவு சரியாக விழுகிறதா என்பதை ஆலயத்துப் பெரிய ஸ்பீக்கரில் நான் கேட்டதே இல்லை. ட்ரம்ஸும் கீபோர்டும் சேர்ந்து அதை மூடிவிடும். காதுக்குள் மூட எதுவும் இல்லை.

இதனால்தான் முதல் முறை வாங்குகிறவர்களுக்கு மெட்டல் மாடல் வேண்டாம் என்கிறேன். ஆம்ப்ளக் 2 வரிசையில் க்ளீன், ப்ளூஸ், க்ளாசிக் ராக், லீட், மெட்டல் என்று பல உண்டு, பேஸ் கிட்டாருக்குத் தனியாக ஒன்று. அதிகக் கெயின் எல்லா ஸ்வரத்தையும் ஒரே உயரத்துக்குத் தூக்கிவிடும், மெலிவும் வலிவும் போய்விடும். வாசிப்பு சரளமாக இருப்பதுபோல் தோன்றும். மெட்டல் மட்டுமே வாசிப்பேன் என்று உறுதியாக இருக்கிறவர் அதை வாங்கட்டும், அவருக்கு அதுதான் சரி. மற்ற எல்லாருக்கும் க்ளீன் அல்லது ஏசி30.

ஹெட்போன் ஆம்ப் என்கிற யோசனையே புதிதல்ல. பாஸ்டன் என்ற அமெரிக்க ராக் குழுவின் கிட்டாரிஸ்ட் டாம் ஷோல்ஸ் எம்ஐடியில் படித்த பொறியாளர். 1982-இல் அவர் ராக்மேன் என்ற ஹெட்போன் ஆம்ப்பைக் கொண்டுவந்தார், இடுப்பில் மாட்டிக்கொள்கிற அளவில். அதன் சத்தம் பிடித்துப்போய் ஸ்டூடியோக்களிலும் அதை வைத்துப் பதிவு செய்தார்கள்.

ப்ளூடூத் இயர்பட்ஸ் போட்டு வாசிக்கலாமா என்பதுதான் இப்போது அதிகம் வருகிற கேள்வி. கூடாது. சாதாரண ப்ளூடூத்தில் சத்தம் காதுக்கு வர 150 முதல் 200 மில்லி செகண்ட் தாமதமாகும். அதற்குள் காற்றில் ஒலி 68 மீட்டர் வரை போய்விடும். அவ்வளவு தள்ளி ஆம்ப்பை வைத்துக்கொண்டு தாளத்தில் வாசிக்க யாராலும் முடியாது. ஃபெண்டர் கம்பெனியின் மஸ்டாங் மைக்ரோ என்ற ஹெட்போன் ஆம்ப்பில் ப்ளூடூத் இருக்கிறதே என்பார்கள். அது போனிலிருந்து பாட்டை உள்ளே வாங்குவதற்கு, ஹெட்போன் அங்கேயும் வயர்தான். 12 ஆம்ப் மாடல், 12 எஃபெக்ட், யுஎஸ்பி சார்ஜிங், கம்ப்யூட்டரில் நேராகப் பதிவு செய்யும் வசதி என்று அதில் நிறைய உண்டு, விலையும் அதற்கேற்ப அதிகம். பல சத்தங்களைத் தேடிப் பார்க்கும் ஆர்வம் இருக்கிறவர்களுக்கு அது நல்ல கருவி. எனக்குக் கிடைக்கிற அரைமணி நேரம் சத்தம் தேடுவதிலேயே போய்விடும்.

போனைச் செருகும் துளையை நான் பாட்டுக்கு உபயோகிப்பதைவிட, தாளம் தட்டிக்காட்டும் மெட்ரோனோமுக்குத்தான் அதிகம் உபயோகிக்கிறேன். நம் கீர்த்தனைகளில் பாதி 6/8 நடையில் போகும். அதில் நான்காவது தட்டை முந்தாமல் வாசிப்பது மெட்ரோனோமோடு மட்டுமே எனக்கு வசப்பட்டது. யூடியூப்பில் வேகத்தை 0.75-க்குக் குறைத்துக் கூட வாசிப்பதும் நல்ல பழக்கம். ஹெட்போன் துளை இல்லாத போனாக இருந்தால் யுஎஸ்பி-சி கன்வெர்ட்டர் ஒன்று வாங்க வேண்டியிருக்கும். டப்பாவில் போனின் சத்தத்துக்குத் தனித் திருகு கிடையாது, போனிலேயே கூட்டிக் குறைக்க வேண்டும்.

பேட்டரி, டிவி ரிமோட்டுக்குப் போடுகிற சின்ன பேட்டரி இரண்டு. எஃபெக்ட் இல்லாமல் ஏறக்குறைய 17 மணி நேரம், எஃபெக்டோடு 11 மணி நேரம் என்பது கம்பெனி கணக்கு. வாசிக்காமல் விட்டுவிட்டால் தானே அணைந்துகொள்ளும். சார்ஜ் செய்கிற வசதி இல்லாதது சிலருக்குக் குறையாகப் படும். மூலைக் கடையில் பேட்டரி கிடைக்கிறது என்பதே எனக்குப் போதும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் உள்ளே அரித்துவிடும்.

சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் உள்ள கிட்டார் என்றால் ‘ம்ம்’ என்ற இரைச்சல் கேட்கும். அது டப்பாவின் கோளாறு அல்ல. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸைப் பிக்கப் பிடிக்கிறது. பழைய டியூப்லைட்டின் சோக்கும் போன் சார்ஜரும் பக்கத்தில் இருந்தால் இன்னும் கூடும். உட்கார்ந்த இடத்திலேயே கால்வட்டம் திரும்பிப் பாருங்கள், ஒரு திசையில் அது நன்றாக அடங்கும். இன்னொன்று, கேபிள் இல்லாமல் நேராகச் செருகுவதால் சத்தம் வழக்கத்தைவிடப் பளிச்சென்று இருக்கும். நீளக் கேபிளின் மின்தேக்குத்திறன் மேல் அலைவரிசையைக் கொஞ்சம் தின்னும், இங்கே அது இல்லை. டோன் திருகைக் கொஞ்சம் குறைத்தால் சரியாகிவிடும்.

காதைப் பற்றி ஒரு வார்த்தை, இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பாதுகாப்பு என்கிறது, 90 டெசிபெல் என்றால் வெறும் 4 மணி நேரம். வால்யூமைச் சுழியத்தில் வைத்து, ஆன் செய்து, பிறகு ஹெட்போனைக் காதில் போட்டு, மெல்ல ஏற்றுங்கள். வீட்டில் பிள்ளைகள் வாசித்தால் பக்கத்தில் நின்று, வெளியே கசிகிற சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தெளிவாகக் கேட்டால் அது அதிகம்.

இந்தக் கருவி கற்றுத்தராததும் உண்டு. ஹாலில் நிற்கும்போது சத்தம் நெஞ்சில் வந்து மோதும், கீழ்க்கம்பிகள் இரண்டு மடங்கு பெருத்துக் கேட்கும், ஸ்பீக்கரை நோக்கித் திரும்பினால் கம்பி தானாகப் பாடத் தொடங்கும். இவற்றை அடக்கி ஆளுவது பெரிய ஆம்ப் முன்னால் நின்றால்தான் வரும். அதனால் சனிக்கிழமைப் பயிற்சியை நான் விடுவதே இல்லை. ஹெட்போனில் ரிவர்ப் போட்டே பழகுகிறவர்களுக்கும் சொல்கிறேன், பாதி நேரமாவது அதை அணைத்து வையுங்கள். ஆலயத்தின் உயரமான கூரையே போதுமான எதிரொலியைத் தரும்.

வீட்டில் மாலையில் ஒரு மணி நேரம் தாராளமாகச் சத்தம் போடலாம் என்கிற வசதி உள்ளவர்கள் இதை வாங்க வேண்டாம், 10 வாட் பயிற்சி ஆம்ப் வாங்குங்கள். இப்போது ஆம்ப்ளக் 3 வந்துவிட்டது, அதில் கூடவே ஓடும் தாளமும் சேர்ந்திருக்கிறது. கிடைத்தால் அதையே பாருங்கள். எதை வாங்கினாலும் உங்கள் கிட்டாரைக் கடைக்கு எடுத்துப் போங்கள். ஸ்ட்ராட் வகையில் ஜாக் முகப்பில் குழிக்குள் இருக்கும், லெஸ் பால் வகையில் விளிம்பில் இருக்கும், சில கிட்டார்களில் சாய்ந்த குழியாக இருக்கும். செருகி, மடக்கி, மடியில் வைத்து வாசித்துப் பாருங்கள். தொடையில் இடிக்கவில்லை, ஜாக் பாதியில் நிற்கவில்லை என்றால் பணத்தைக் கொடுங்கள்.