மொரீஷியஸ்: வாடகை காரா, டாக்ஸியா, பஸ்ஸா?

வரைபடத்தில் மொரீஷியஸைப் பார்க்கிற எல்லாரும் ஒரே தப்பைத்தான் செய்கிறோம். வடக்கிலிருந்து தெற்கே 65 கிலோமீட்டர், கிழக்கிலிருந்து மேற்கே 45. சென்னையில் கிளம்பி மாமல்லபுரம் தாண்டிக் கொஞ்சம் போனால் தீவே முடிந்துவிடும். "ஒரு காரை எடுத்தால் ரெண்டு நாளில் சுற்றிவிடலாம்" என்று வீட்டில் சொன்னவன் நான்தான். சுற்றலாம். ஆனால் திரும்பி வந்ததும் ஞாபகத்தில் இருப்பது முன்னால் போன கரும்பு லாரியின் பின்பக்கம் மட்டும்தான்.

போனது நாங்கள் மூன்று பேர்: நான், மனைவி, முழங்கால் வலியோடு அத்தை. ஆகஸ்ட் மாதம், ஏழு நாள். வாடகை காரை வைத்துக்கொண்டது மூன்று நாள் மட்டும். ஒரு நாள் டிரைவரோடு டாக்ஸி. மீதி பஸ்ஸும் மெட்ரோவும். இப்படித் திட்டம் போட்டுச் செய்யவில்லை, தானாக அமைந்தது. ஆனால் மறுபடி போனாலும் கிட்டத்தட்ட இப்படித்தான் பிரிப்பேன்.

முதலில் பணத்தைப் பேசிவிடலாம். அவர்கள் ரூபாய் ஒன்று நம் இரண்டு ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. (நோட்டைக் கையில் வாங்கியதும் நன்றாகப் பாருங்கள், மதிப்பு தமிழிலும் அச்சாகியிருக்கும். 1998-இல் புது நோட்டுகளில் தமிழைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள் என்று பெரிய எதிர்ப்பு கிளம்பி, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள்.) நாங்கள் போனபோது ஒரு நாள் டாக்ஸிக்குக் கேட்ட தொகை, சின்ன காரின் இரண்டு நாள் வாடகைக்குப் பக்கம் வந்தது. பெட்ரோல் வேறு, ஆனால் தீவு முழுக்க ஒரே விலைதான். ஒவ்வொரு பெட்ரோல் பங்க்காக அலைந்து விலை பார்க்க வேண்டியதில்லை. பஸ் கட்டணம் இந்த இரண்டுக்கும் பக்கத்திலேயே வராது, அவ்வளவு மலிவு. ஆக, நான்கு பேராக இருந்தால் கார், தனி ஆளாக இருந்தால் பஸ் என்று கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் இந்தத் தீவில் பணக் கணக்கு பாதிதான். நினைத்த இடத்தில் நிறுத்த முடிகிறதா என்பதுதான் மீதிப் பாதி.

அதற்குத் தென்மேற்கைத்தான் சொல்ல வேண்டும். லெ மோர்ன் மலையடியில் தொடங்கி பே து காப் வழியாக சூயாக் வரை போகும் கரையோரச் சாலை. வலது கைப்பக்கம் கடல் அப்படியே தாரோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. நடுவில் தடுப்புச் சுவர்கூடப் பல இடங்களில் கிடையாது. 556 மீட்டர் உயரத்துக்கு ஒற்றைப் பாறையாக நிற்கும் லெ மோர்ன், தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடம். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 1835-இல் அடிமை முறை ஒழிந்த செய்தியைச் சொல்ல வந்த போலீஸாரைப் பார்த்து, பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று பயந்து மேலிருந்து குதித்தவர்களின் கதை இன்றும் வாய்வழியாகச் சொல்லப்படுகிறது. அந்தக் கதை தெரிந்த பிறகு மலையைத் திரும்பிப் பார்க்காமல் வண்டி ஓட்ட முடியாது. நாங்கள் நான்கு இடத்தில் நிறுத்தினோம். நான்கும் ஏதோ ஒரு சவுக்கு நிழல். பெயர்ப் பலகையே கிடையாது. டாக்ஸியில் போயிருந்தால் ஒன்றில் நிறுத்தச் சொல்லியிருப்போம், இரண்டாவதில் கூச்சப்பட்டிருப்போம். பஸ்ஸில் போயிருந்தால் ஜன்னல் வழியாக நான்கு விநாடி.

மகோந்த் வளைவில் சாலை பாறையைச் சுற்றிக் கடல் பக்கம் துருத்திக்கொண்டு திரும்பும். மேலே படி ஏறினால் பச்சையும் நீலமுமாகக் காயல், அதற்கப்பால் பவளப்பாறைத் திட்டில் உடையும் வெள்ளைக்கோடு. வண்டி நிறுத்த இடம் கொஞ்சம்தான். காலை ஒன்பது மணிக்கு முன்னால் போனதால் கிடைத்தது. சூயாக்கில் க்ரி க்ரி என்று ஓரிடம். அங்கே பவளத்திட்டு விட்டுப்போயிருக்கிறது, அலை நேராகக் கரையில் வந்து அறைகிறது. அதுவரை குளம் மாதிரி இருந்த கடலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தச் சத்தமே புதுசு.

இனி காரின் தொல்லைகள்.

இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால் நமக்குப் பழக்கம்தான் என்று தோன்றும். அந்தத் தைரியம் முதல் ரவுண்டானா வரைக்கும்தான். வலப்பக்கத்திலிருந்து வருபவனுக்கு வழிவிட்டே ஆக வேண்டும், நாம் விடுவோம் என்று நம்பித்தான் மற்றவர்களும் வருகிறார்கள். நம் ஊரில் மூக்கை நுழைத்தவனுக்குத்தான் முதல் உரிமை. அந்தக் கையை விமானத்திலேயே விட்டுவிட்டு இறங்குவது நல்லது. வேகக் கேமராக்களும் நிறைய. நெடுஞ்சாலையில் 110 போகலாம், ஆனால் ஊருக்குள் நுழைந்ததும் சடாரென்று 40, 60 என்று பலகை மாறும்.

உள்ளூர்ச் சாலைகள் குறுகல். இருபக்கமும் கருங்கல் சுவரோ, ஆழமான மழைநீர் வாய்க்காலோ இருக்கும். ஒதுங்க இடமே இல்லை. எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கப் போய் ஒரு வீல் கப்பை வாய்க்காலுக்குக் காணிக்கை கொடுத்தேன். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது அதற்குக் காசு எடுத்துக்கொண்டார்கள். என் தப்பு, வாய் திறக்கவில்லை. கரும்பு ஆளுயரம் வளர்ந்து நிற்கும் இடங்களில் பக்கச் சாலையிலிருந்து யார் வருகிறார்கள் என்பதே தெரியாது. ஜூனிலிருந்து டிசம்பர் வரை வெட்டுக் காலம், அப்போது பாரம் ஏற்றிய லாரிகளும் சேர்ந்துகொள்ளும்.

கைபேசி வழிகாட்டியை முழுக்க நம்ப வேண்டாம். ஐந்து நிமிடம் மிச்சம் என்று சொல்லிக் கரும்புத் தோட்டத்து மண் பாதையில் இறக்கிவிடும். ரோசெஸ்டர் அருவிக்குப் போகும் வழி அப்படித்தான், குண்டும் குழியுமாக. பொதுவாக வாடகை காரின் காப்பீடு மண் பாதையில் நடக்கும் சேதத்தை ஏற்காது. டயரும் கண்ணாடியும் வண்டியின் அடிப்பாகமும்கூடப் பல ஒப்பந்தங்களில் சேராது. நாங்கள் தார் முடிகிற இடத்தில் வண்டியைப் போட்டுவிட்டு நடந்தோம். சொல்லப்போனால் அந்த நடைதான் அருவியைவிட நன்றாக இருந்தது.

ஊர்ப் பெயர்களை அந்தக் குரல் ஆங்கிலத்தில் வாசிப்பது தனி நகைச்சுவை. மாயேபூர், கத்ர் போர்ன் என்றெல்லாம் பிரெஞ்சுச் சாயலில் சொல்ல வேண்டிய பெயர்களை அது எழுத்துக்கூட்டிப் படிக்கும். பலகையில் இருப்பதும் காதில் விழுவதும் ஒன்றுதானா என்று யோசிப்பதற்குள் திருப்பம் போய்விடும்.

குளிர்காலத்தில் ஆறு மணிக்குள் சூரியன் இறங்கிவிடும், இருட்டு மடமடவென்று விழும். கிராமச் சாலைகளில் விளக்கு குறைவு, நடந்து போகிறவர்களும் நாய்களும் அதிகம். ஷமாரெல்லிருந்து காஸ் நொயாலுக்கு இறங்கும் வளைவுகளை இருட்டில் ஓட்டியது நான் செய்த முட்டாள்தனங்களில் ஒன்று. இதைவிட முக்கியமான ஒன்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: ஓட்டுகிறவர் கடலைப் பார்ப்பதில்லை. மூன்று நாளும் மனைவி "அங்க பாரு, அங்க பாரு" என்றாள். நான் பார்த்தது வாய்க்காலை.

எடுக்கும் முன் சில வேலைகள். நம் ஊர் உரிமத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒரு வருடம் செல்லும். முன்பணத்தை ஓட்டுபவர் பெயரில் உள்ள கிரெடிட் கார்டில்தான் பல இடங்களில் பிடித்து வைப்பார்கள், வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கியில் திறந்துவிட்டுக் கிளம்புங்கள். விபத்து என்றால் நம் தலையில் எவ்வளவு விழும் என்ற தொகையைக் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ, நான்கு சக்கரமும் தெரிய. கடற்கரையில் நிறுத்தும்போது இருக்கையில் பையை விட்டுப் போக வேண்டாம்.

அத்தைக்கு டாக்ஸிதான் பிடித்தது. இதில் எனக்கு வருத்தம்கூட உண்டு.

அந்த ஒரு நாளும் டிரைவர் "வணக்கம்" என்று ஆரம்பித்தார். பிறகு பேசியதெல்லாம் ஆங்கிலமும் பிரெஞ்சும். நான்கைந்து தலைமுறைக்கு முன் வந்த குடும்பம், வீட்டில் பிரெஞ்சிலிருந்து கிளைத்த உள்ளூர் மொழியான கிரியோல்தான். அங்குள்ள தமிழர்கள் பலருக்கும் அப்படித்தான். தேவாரத்தை ரோமன் எழுத்தில் வைத்துப் பாடுவார்களாம். எங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்காமலே போர்ட் லூயிஸில் கைலாசம் கோவில் என்று அழைக்கப்படும் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோவிலுக்கு அழைத்துப்போனார். உள்ளே போய் நின்றதும் அத்தைக்கு மதுரைதான். தைப்பூசக் காவடி அங்கே அரசு விடுமுறை என்பதையும் அவர்தான் சொன்னார். அப்புறம் கிராண்ட் பாசன், உள்ளூரில் கங்கா தலாவ். ஏரிக்கரையில் 108 அடி சிவன். மேட்டுநிலம் என்பதால் மழையும் மூட்டமும் எப்போது வேண்டுமானாலும் இறங்கும், ஐந்து நிமிடத்தில் சிவனின் இடுப்புக்கு மேல் காணவில்லை. அந்த மூட்டத்தில் நான் ஓட்டாமல் பின்னால் உட்கார்ந்திருந்ததற்கு நன்றி சொன்னேன். மகா சிவராத்திரியை ஒட்டிய நாட்களில் அந்தப் பக்கம் காரை எடுக்கவே வேண்டாம். காவடிகளைச் சுமந்துகொண்டு லட்சக்கணக்கானோர் நடந்து வருவார்கள், சாலை அவர்களுடையது.

டாக்ஸியின் இன்னொரு லாபம் சாப்பாடு. எந்த வண்டிக்கடையில் தால் பூரி நன்றாக இருக்கும் என்று டிரைவருக்குத் தெரியும். இரண்டு பூரியை ஜோடியாக வைத்து, பட்டர் பீன்ஸ் குழம்பும் மிளகாயும் தடவிக் காகிதத்தில் சுருட்டித் தருகிறார்கள். நாங்களாகத் தேடிய கடைகளில் இந்த ருசி கிடைக்கவில்லை.

நஷ்டமும் இருக்கிறது. மீட்டரை நம்பி ஏற முடியாது, ஏறும் முன் தொகையும் எத்தனை மணி வரை என்பதும் பேசி முடிக்க வேண்டும். கேட்காமலே ஒரு கப்பல் பொம்மைக் கடைக்கும் ஒரு துணிக்கடைக்கும் கூட்டிப்போனார். கடைக்காரர் தரும் கமிஷன் அவருக்கு என்பது முகத்தில் எழுதியிருந்தது. கப்பல்கள் உண்மையிலேயே அழகு, கையால் செய்தவை, ஆனால் ஒரு மணி நேரம் போனது போனதுதான். "கடை வேண்டாம்" என்று காலையிலேயே சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம்.

பஸ்ஸைக் குறைத்துப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஏறியே பார்க்காதவர்கள். வடக்கே கிராண்ட் பேயில் தங்கியிருந்தால் பாம்பிள்மூஸ் தாவரவியல் பூங்காவுக்கும் போர்ட் லூயிஸ் சந்தைக்கும் கார் எதற்கு? கண்டக்டர் வந்து சீட்டுக் கிழிக்கிறார், மணியடித்து இறங்குகிறோம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கிரியோலில் கத்துகிறார்கள், நம் டவுன் பஸ்தான். போர்ட் லூயிஸுக்குள் காரோடு நுழைவது வீண் வேலை. நெரிசல், நிறுத்த இடம் தேடல். நகரத்தில் ஒப்பந்தக் கூலிகள் வந்து இறங்கிய ஆப்ரவாசி காட் படித்துறையும் சந்தையும் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. அங்கிருந்து கியூர்பிப் வரை மெட்ரோ ரயில், இந்திய நிதியுதவியோடு நம் எல் அண்ட் டி கட்டியது. சுத்தமாக, நேரத்துக்கு ஓடுகிறது.

ஆனால் பஸ்ஸுக்கு எல்லை உண்டு. மாலை மங்கினால் கிராமப் பக்கம் வண்டி கிடையாது. ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போக நடு ஊரில் இறங்கி மாற வேண்டும், அரை நாள் போய்விடும். வடக்குக்கு ஒரு நிலையம், தெற்குக்கும் மேற்குக்கும் இன்னொன்று என்று போர்ட் லூயிஸில் பிரிந்து கிடக்கும். ஷமாரெல், லெ மோர்ன் பக்கம் பஸ்ஸை நம்பிப் போகிறவர்களுக்குப் பொறுமை நிறைய வேண்டும்.

ஸ்கூட்டர் பற்றி ஒரு வரி: கடற்கரை ஊருக்குள் சுற்ற சரி, கிழக்குக் கரையில் ஆகஸ்ட் காற்றில் ஓட்டிப் பார்த்தால் மறுநாள் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். இலோ செர்ஃப் தீவுக்கு எப்படியும் படகுதான், அன்றைக்குக் கார் கரையில் வெயிலில் நிற்கும், வாடகை மட்டும் ஓடும்.

அதனால் காரை நடு நாட்களில் எடுங்கள். விமானத்தில் வந்து இறங்கிய களைப்பில், இருட்டில், விமான நிலையத்திலிருந்து கிராண்ட் பே வரை தீவைக் குறுக்கே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். மேற்குக் கரையில் ஃபிளிக் ஆன் ஃபிளாக் பக்கம் தங்கி, வண்டியை ஓட்டல் வாசலுக்கே கொண்டுவரச் சொல்லி வாங்குங்கள். பெரும்பாலான சின்ன நிறுவனங்கள் கொண்டுவந்து தருகின்றன.

கடைசி நாள் சாவியைக் கொடுத்துவிட்டு மாயேபூருக்கு பஸ் ஏறினோம், திங்கட்கிழமைச் சந்தைக்கு. ஜன்னலோரம் எனக்கு. லெ மோர்னை விட்டுப் பல மைல் வந்திருந்தோம், இந்தப் பக்கத்துக் கடல் அவ்வளவு அழகென்று சொல்ல முடியாது. ஆனாலும் தலையைத் திருப்பாமல் பார்த்துக்கொண்டே வந்தேன். "அங்க பாரு" என்று நான் சொன்னபோது மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள்.